அலமாரிக்குள் எரிந்த பல்பு

"மாலை ஐந்து மணிக்குப் பிறகும் விடுமுறை நாட்களிலும் நூலகத்தின் குளிர்சாதனங்கள் நிறுத்தப்பட வேண்டும்." என்னிடம் இருக்கும் சுற்றறிக்கை நகலில் இந்த ஒரு வாக்கியம்தான். கீழே பதிவாளரின் கையெழுத்து, வட்ட முத்திரை. 'நாள்' என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை. தேதி போடாத காகிதம் எதைக் கண்டாலும் எனக்கு எரிச்சல் வரும். இதைக் கண்டால் அழுகிய காகித நாற்றம் மூக்கில் ஏறுகிறது. கூடவே நூலகர் அம்மாவின் முகமும் வருகிறது.

எங்கள் தீவு நகரத்தில், மரைன் ஹில் குன்றுச் சரிவில் இருந்த அந்தப் பல்கலைக்கழகச் சட்ட நூலகத்துக்குச் சனிக்கிழமைதோறும் போவேன். துறைமுகத்தில் சரக்குப் பிரிவில் எனக்கு வேலை. தீவுகளில் எது எப்போது நடந்தது என்று குறித்து வைப்பது பழக்கம். சட்டம் படிக்காத நான் அங்கே போனது பழைய தீவு அரசிதழ்களுக்காக. குடியேற்றம், மனை ஒதுக்கீடு, கப்பல் கட்டணம் எல்லாம் அவற்றில்தான் அச்சாகியிருந்தன. தெற்குத் தீவுகளில் பல அலுவலகங்களின் பிரதிகளைச் சுனாமி கொண்டுபோன பிறகு, நான் அறிந்தவரை முழு வரிசை எஞ்சியிருந்தது அங்கே மட்டும்தான்.

செருப்பை ஒரு வாரம் போடாமல் விட்டால் பூஞ்சை பூக்கிற ஊர் இது. நூலகர் அம்மா மர அலமாரி ஒவ்வொன்றின் அடித்தட்டிலும் ஒரு குண்டு பல்பைப் பொருத்தி, இரவும் பகலும் எரியவிட்டிருந்தார். வெளிச்சத்துக்காக அல்ல, சூட்டுக்காக. கதவைத் திறந்தால் வெதுவெதுப்பான காகித வாசனை வரும். தெலுங்குக்காரரான உதவியாளர், முட்டையை இந்தியில் சொல்லி, அடிக்கடி சீண்டுவார்: "மேடம், அண்டா எப்போ பொரிக்கும்? நாளைக்குக் கறி வெக்கலாமா?" அம்மா தலை நிமிராமலே பதில் சொல்வார்: "பொரிச்சா வக்கீல் குஞ்சுதான் வரும். மொதல்ல ஒன்னத்தான் கொத்தும். ஜாவ், வேலையப் பாரு." வெள்ளையர் ஆண்ட கைதிக் குடியிருப்புக் காலத்திலிருந்து இங்கேயே வாழும் குடும்பம் அவருடையது, தமிழும் இந்தியும் ஒரே மூச்சில் வரும். யாரிடமும் பணிய மாட்டார். நூலைத் தாமதமாகத் திருப்பிய பேராசிரியரை மாணவர்கள் முன்னாலேயே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர். அந்தத் துணிச்சலுக்காகவே அவரை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நூலகக் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. புத்தகங்கள் திரும்பி வந்தபோது அம்மா அவற்றை அடுக்கிய விதத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தீர்ப்புத் தொகுதிகள் ஒரு பக்கம், பாடநூல்கள் ஒரு பக்கம், வெளியாருக்குத் தனி மேசை, கணினியில் தீர்ப்புகளைத் தேடித் தர ஓர் ஆள். அரசிதழ்களுக்கு மட்டும் நுழைவாயிலில் கண்ணாடிப் பேழைகள். கடல் கடந்து மெயின்லேண்டிலிருந்து வந்த வடிவமைப்பாளர் அவற்றுக்கு ரப்பர் விளிம்பு வைத்த கதவும், உள்ளே எல்இடி விளக்குப் பட்டையும் போட்டிருந்தார். நகைக்கடை மாதிரி மின்னியது. கையை வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை.

பழைய அலமாரிகளிலிருந்து பல்புகளை அம்மாவே கழற்றினார். "இருபத்திநாலு மணி நேரமும் ஏசி சார். இனிமே இந்தக் கோழிப்பண்ணை எதுக்கு? கதம், முடிஞ்சுது." ஒன்றை என் கையில் வைத்தார். "நீங்கதான் பழசு சேக்குற ஆளாச்சே, வெச்சுக்கோங்க."

ஆனால் அந்தச் சுற்றறிக்கையில் கண்டபடி ஏசி ஐந்து மணிக்கு நின்றது. பகலெல்லாம் குளிர்ந்த பேழைக்குள் இரவில் ஈரக்காற்று புகுந்து தங்கியது. காலையில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்திருக்கும். மழை தொடங்கிய பின் ஒரு சனிக்கிழமை, கதவின் இடுக்கில் மூக்கை வைத்தேன். கப்பலின் அடித்தட்டில் நனைந்து புழுங்கிய சரக்கு மூட்டையின் நாற்றம். அம்மாவிடம் சொன்னேன்.

"அது வார்னிஷ் சார்."

"வார்னிஷ் இல்லம்மா. உங்களுக்குத் தெரியாததா?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குச் சர்வீஸ் முடியப்போகுது. இப்பப் போய் பல்பு குடுங்கன்னா, புதுசு பண்ணதே தப்புன்னு நான் சொல்றதா ஆயிடும். அவங்கதான் எனக்கு ஃபேர்வெல் நடத்தணும். சோடியே சார், விடுங்க."

பேராசிரியரை நிற்க வைத்த அதே வாய்தான்.

அதே மழைக்காலத்தில் தெற்கே கட்சால் தீவிலிருந்து ஒரு பெண் கப்பலேறி வந்தார். இலங்கையிலிருந்து அங்குள்ள ரப்பர் தோட்டத்துக்கு வந்த குடும்பம். அவருடைய அம்மாவுக்கு ஒதுக்கிய வீட்டு மனையை நிரூபிக்க ஓர் அரசிதழ் அறிவிக்கை வேண்டும், விசாரணை நெருங்கிவிட்டது. "வீட்டுல இருந்த காயிதம் எல்லாம் அலையோட போச்சு மெடம். இங்க இருக்குன்னு வக்கீல் சொன்னாரு."

அம்மா பேழையைத் திறந்தார். உதவியாளர் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார். தொகுதியின் மேலட்டையில் சாம்பல் நிற மயிர் முளைத்திருந்தது. உள்ளே தாள்கள் ஒட்டிக் கறுத்து, அழுகிய பலாச்சுளை போலக் கொழகொழத்தன. பிரிக்கப் போன இடத்தில் எழுத்து விரலோடு வந்தது. அம்மா புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டர்ல இருக்கும்மா, பாக்கலாம்" என்றார். அதில் தீர்ப்புகள் இருந்தன. தீவு அரசிதழ் ஒன்றுகூட இல்லை. அது அம்மாவுக்குத் தெரியும்.

அந்தப் பெண் அழவில்லை. "கடல் எடுத்துட்டுப் போனா சரி, அது கடல். நீங்க கரையில வெச்சே கெடுத்துட்டீங்களே மெடம்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஆதாரம் இல்லாததால் கோரிக்கை தள்ளுபடியானதைப் பிறகு போனில் சொன்னார். நான் கேட்டதால்தான் சொன்னார்.

பிரிவு உபசார விழா குறித்தபடி நடந்தது. சால்வை போட்டார்கள். நூலகத்துக்குப் புத்துயிர் தந்தவர் என்று பதிவாளர் பேசினார். பேழைகளுக்குள் வாசனைத் திரவியம் அடித்து, மேலே மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த நாற்றத்தோடு மல்லிகை கலந்த வாடையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அம்மா கைகூப்பிச் சிரித்தார். கையில் கொடுத்த லட்டை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது அவர் மெயின்லேண்டில் மகனோடு இருக்கிறார். சுற்றறிக்கை அவர் கைக்கு எப்போது வந்தது என்று இரண்டு கடிதம் எழுதிக் கேட்டேன். பதில் இல்லை.

அவர் தந்த பல்பு என் வீட்டு அலமாரியின் அடித்தட்டில் இப்போதும் எரிகிறது. அதற்கு மேல்தட்டில்தான் அந்தச் சுற்றறிக்கை நகல் இருக்கிறது, மொடமொடப்பாக. பல்புகளைக் கழற்றிய நாள் என் குறிப்பில் உண்டு. சுற்றறிக்கை அதற்கு முன்பே அவர் மேசைக்கு வந்திருந்தால், ஏசி நிற்கும் என்று தெரிந்தே கழற்றினார். பின்பு வந்திருந்தால், முதலில் ஏமாந்தார், அதன்பிறகே வாயை மூடிக்கொண்டார். எந்த நாளில் வந்தது என்பதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வழியும் தெரியவில்லை.