இர்ஷாதா சிரிப்பை நிறுத்தினாள்

தேங்காப்பட்டணத்து இர்ஷாதா பல வருஷமாக மீன் டெம்போ ஓட்டியவள். அவள் ஹார்ன் அடித்தால் குழித்துறைப் பாலம் ஒரு முழம் ஒதுங்கி வழிவிடும். நம்பாதவர்கள் பாலத்திடமே கேட்டுக்கொள்ளலாம். அண்ணன் சபீர் டெம்போவை விற்ற பிறகு, அருமனைப் பக்கம் ஒரு பள்ளியில் வேன் டிரைவர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போனாள். இதுவும் கிடைக்காவிட்டால் அடுத்தவர் வீட்டு அடுப்படிதான்.

பக்கத்து வீட்டு அபிதா கோச்சிங் போனவள். "ஏட்டி, வேலை தெரிஞ்சா மட்டும் போராது. அவங்க பேச்சுக்கு ஒத்துப் பேசணும், சிரிக்கணும், மனசுல கேறி இருந்துக்கிடணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

சிரித்தாள். நேர்முகத்தில் எதிரே இருந்த தாளாளர் முருகதாஸுக்கு ஒரே குஷி. யாருக்க மகள், எந்தத் தெரு, மாப்பிள்ளை கல்ஃபிலா, நெய்மீன் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டே போனார். "பெருநாளுக்கு எங்களுக்குப் பிரியாணி உண்டும்லா?" அதற்கும் சிரித்தாள். தாடை கழன்று மேஜையில் விழாதது படைத்தவன் கருணை. பக்கத்தில் தலைமையாசிரியை ஸ்டெல்லாபாய் மூடிய பேனாவோடு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் முருகதாஸ் நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல குணமுள்ள பிள்ளை. விட மனசில்ல. டிரைவருக்கு வேற ஆளு பாத்தாச்சு. நீ வேன்ல ஆயாவா வந்திரு, என்னா?"

சிரிப்பு நின்றது.

"இவ்வளவு நேரம் பேசினிய. வண்டியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியளா சார்?"

"கோவப்படாத மக்கா. பழகுன மாதிரி பேசினதுதானே."

"நான் பழக வரல்ல, வேலைக்கு வந்தேன். எனக்க வாப்பாக்க பேரும் எங்க வீட்டுப் பிரியாணியும் ஸ்டியரிங் பிடிக்குமா? ஆளு பாத்தாச்சுண்ணா என்னை எதுக்கு விளிச்சிய? சிரிச்சுக் காட்டவா?"

"இந்த வாயை வச்சுக்கிட்டு பிள்ளேளைக் கொண்டு போவியா?"

"பிள்ளேளு மேல எனக்கு என்ன கோவம்? உங்க மேலயாக்கும்."

முருகதாஸின் முகம் கறுத்தது. ஸ்டெல்லாபாய் பேனாவைத் திறந்தார்.

"சார் பாத்த ஆளு அவருக்க மச்சினன் மகன். போன மாசம் நம்ம ஸ்கூல் கேட்டுலயே வண்டியை இடிச்சவன்" என்றார். பிறகு இர்ஷாதாவைப் பார்த்தார். "மழை நேரம். களியல் இறக்கம். வண்டி நிறைய பிள்ளேளு. பிரேக் பிடிக்கல்ல. நீ என்ன செய்வே?"

"கியரைக் குறைச்சு, ஹேண்ட் பிரேக்கை மெள்ள மெள்ள வலிச்சு, மேட்டுப் பக்கமா ஒதுக்குவேன். இதை முதல்லயே கேட்டிருக்கலாம் டீச்சர்."

"கேட்டிருக்கணும். என் தப்புதான்" என்றார் ஸ்டெல்லாபாய். "கோவம் அப்படியே இருக்கட்டும். அடுத்த கேள்வி."