பந்தயத் திடலில் ஒரு பிள்ளைக் கொட்டகை

பிறத்தியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற வேலையில், பிள்ளை அழுதால் ஆயா கிள்ளிவிட்டாள் என்பார்கள். அழாமல் இருந்தால் ஆயா அபின் கொடுத்துவிட்டாள் என்பார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையை ஒரே ஒரு பொழுது மடியில் வைத்திருந்தவர்களுக்குக்கூட இது தெரிந்திருக்கும். நான் அந்த வேலையைக் குதிரைப் பந்தயத் திடலில் பார்த்தவள். என் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜொகூர் பாருவில் இருந்தோம். சிங்கப்பூருக்குக் கடல்பாலம் போட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. பந்தய நாளென்றால் ரயிலிலும் மோட்டாரிலும் அங்கிருந்து கூட்டம் வந்து இறங்கும். முன்பு ஆண்கள் மட்டும்தான் வருவார்கள். இப்போது குடும்பத்தோடு வர ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஒரு சின்னப் பையன் வேலிக்கு அடியில் நுழைந்து, குதிரை ஓடுகிற பாதைக்கே போய்விட்டான். யாரோ ஓடிப்போய்த் தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகு கிளப்புக்காரர்கள், குழந்தைகளை ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கிற ஸ்டாண்டுப் பக்கம் விடக்கூடாது, ஓடுபாதை வளைவுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு அதில்தான் விடவேண்டும் என்றார்கள். கமிட்டியில் இருந்த ஒரு மேம் வீட்டில் நான் ஆயா. "மேரி பார்த்துக்கொள்வாள்" என்று மேம் சொல்லிவிட்டார். அத்தாப்பு ஓலைக் கூரை, மூங்கில் வேலி, இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை, அப்புறம் நான்.

பந்தயத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா கூடாதா என்று வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் என்னைத்தான் கேட்பார்கள். எனக்கும் தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள ரொம்ப ஆசை. அதனால் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற ஒவ்வொருவரையும் பிடித்து, "எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டுவிடுவேன்.

ராசியான விரல்

பொந்தியான் பக்கம் அன்னாசித் தோட்டம் வைத்திருந்த ஒரு சீன முதலாளி, தவுக்கே என்பார்கள், மூன்று வயதுப் பேரனைக் கொண்டுவந்து விட்டார். எதற்கு என்று மலாயில் கேட்டேன். பேரனுடைய விரல் ராசியான விரலாம். அவன் எந்தக் குதிரையைக் காட்டுகிறானோ அதில்தான் பணம் கட்டுவாராம். வீட்டில் சுவரில் குதிரைப் படம் மாட்டிப் பழக்கியிருக்கிறார். ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்னாலும் வந்து பேரனைத் தூக்கிக்கொண்டு, குதிரைகளைச் சுற்றி நடத்துகிற இடத்துக்குப் போவார். காட்டி முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

முதல் தடவை பையன் ஜாக்கியின் தொப்பியைக் காட்டினான். இரண்டாவது தடவை தாத்தா தோளில் தூங்கிவிட்டான். மூன்றாவது தடவைதான் கையை நன்றாக நீட்டிக் காட்டினான். பந்தயக் குதிரைகளை எல்லாம் விட்டுவிட்டு, புல்லுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வண்டியை இழுத்துக்கொண்டிருந்த கிழட்டு வெள்ளைக் குதிரையைக் காட்டினான். தவுக்கே பேரனை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். விரல் மாறவில்லை. வெகுநேரம் அந்தக் குதிரையையே பார்த்துவிட்டு, என்னிடம் வந்து யாருக்கும் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்: "ஆயா, அந்தத் தண்ணி வண்டிக் குதிரை எத்தனாவது பந்தயத்துல ஓடுது?"

சொந்தப் பிள்ளை

ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸராக இருந்தவரின் மனைவிக்கு என் கேள்வி பிடிக்கவில்லை. "எல்லாரையும் இவ்வளவு கேக்குறியே, ஒன் பிள்ளைய ஏன் நீ கொண்டாரல?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். என் மகன் ஜோசப்புக்கு அப்போது ஆறு வயது. பந்தய நாளில் அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவேன். திடலில் குடிகாரர்கள் இருப்பார்கள், கெட்ட வார்த்தை பேசுவார்கள், தோற்றவன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பான். மற்றவர்கள் பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்தால் பார்க்கட்டும், என் பிள்ளை பார்க்கக்கூடாது என்று இருந்திருக்கிறேன் போல.

அடுத்த தடவை அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் எதைப் பார்த்துக் கெட்டுப்போகிறான் என்று பார்ப்பதிலேயே அன்றைக்குப் பாதி நாள் போனது. வேலியோரம் ஒருவர் ஐஸ் கட்டியை இழைத்து, சிவப்புத் தண்ணீர் ஊற்றி உருண்டை பிடித்து விற்றுக்கொண்டிருந்தார். பையன் அந்த ஐஸ்காரருக்கு எதிரில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் அப்பா ஆசையாக, "குதிரையெல்லாம் எப்படிடா ஓடுச்சு?" என்றார். அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அங்க குதிரையும் இருந்துச்சாம்மா?"

பசித்தால் கிளம்பவேண்டும்

கமலாவை உங்களுக்குச் சொல்லவேண்டும். ஐந்து வயது, இரட்டைச் சடை, யாரோடும் சேர்ந்து விளையாடமாட்டாள். மூங்கில் வேலியைப் பிடித்துக்கொண்டு குதிரைகளையே பார்ப்பாள். அப்பா நடேசன் நில அளவை ஆபீசில் கிராணி, குமாஸ்தா வேலை. நல்ல மனிதர்தான், ஆனால் பந்தயம் என்றால் கால் தரையில் நிற்காது. மகளைக் கொண்டுவந்து விடும்போதெல்லாம் ஒரு பெரிய டின் நிறைய முறுக்கு, கடலை, பிஸ்கோத்து, வாழைப்பழம் எல்லாம் கொடுத்துவிட்டு, "அடிக்கடி குடுத்துக்கிட்டே இருங்க ஆயா, பசிக்க விட்டுறாதீங்க" என்பார். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும் ஓடிவந்து, "சாப்பிட்டியாம்மா? இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்று ஊட்டிவிட்டு ஓடுவார்.

இவ்வளவு பாசமுள்ள அப்பா பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஒருநாள் கொஞ்சம் கடுமையாகவே கேட்டுவிட்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். விஷயம் இதுதான். அவர் மனைவி ராஜம்மா, போகவேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், பிள்ளையைக் கூடவே அனுப்ப ஆரம்பித்துவிட்டார். பிள்ளை பசிக்கிறது என்று சொன்ன உடனே, எந்தப் பந்தயம் ஓடினாலும் கிளம்பி வீட்டுக்கு வந்துவிடவேண்டும் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை மீற இவருக்குப் பயம். அதனால்தான் அந்த டின். "நான் இவளக் கூட்டிட்டு வரல ஆயா," என்றார். "இவதான் என்னையக் கூட்டிட்டு வர்றா."

வளைவில்

அன்றைக்கு மத்தியானம் மழை பெய்து விட்டிருந்தது. புல்லெல்லாம் சறுக்கல். கடைசிக்கு முந்தின பந்தயம். குதிரைகள் கொட்டகைக்குப் பக்கத்து வளைவில் திரும்பும்போது, நடுவில் வந்த ஒரு கறுப்புக் குதிரை முன்காலை மடித்து விழுந்தது. ஜாக்கி தூரப் போய் விழுந்து, நொண்டிக்கொண்டே எழுந்துவிட்டார். குதிரை எழுந்திருக்கப் பார்த்தது. முன்கால் ஒன்று போகக்கூடாத பக்கம் போய்த் தொங்கியது. மற்ற குதிரைகள் ஓடிப்போய்விட்டன. ஸ்டாண்டுப் பக்கம் பெரிய சத்தம், யாரோ ஜெயித்துவிட்டார்கள்.

நான் பிள்ளைகளை எல்லாம் உள்பக்கம் திருப்பிக் கைதட்டிப் பாட வைத்தேன். கமலா மட்டும் திரும்பவில்லை. தூக்கப் போனேன், வேலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் குதிரைக்குத் தீனி போட்டு வளர்த்த லாயக்காரர் முனியாண்டி, அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தார். குதிரை டாக்டர் வந்தார். நான்கு பேர் கித்தான் துணியை மறைப்பாகப் பிடித்தார்கள். முனியாண்டியை எழுந்து தள்ளிப் போகச் சொன்னார்கள். பிறகு ஒரு வெடிச் சத்தம். ஒரு பையன் என்ன சத்தம் என்று கேட்டான். நான் பட்டாசு என்றேன். கமலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் நடேசன் டின்னைத் தேடிக்கொண்டு ஓடிவந்தார். முகமெல்லாம் சந்தோஷம். அன்றைக்கு அவருக்கு நல்ல நாள், கடைசிக் குதிரையையும் முடிவு செய்துவைத்திருந்தார். "என்னம்மா, பிஸ்கோத்து சாப்பிடுறியா?" என்றார். டின்னில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. கமலா அதை அவர் கையில் தூக்கிக் கொடுத்தாள். "அப்பா, பசிக்குது." நடேசன் டின்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வளைவுப் பக்கம் கையைக் காட்டினேன். கித்தானை மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார். கேட்டில் காவல் நின்ற மலாய்க்காரர் பாக் ஹசான் பிறகு அதிசயப்பட்டு என்னிடம் சொன்னார்: "கடைசிப் பந்தயத்துக்கு முன்னால அந்தக் கிராணி வெளியே போய் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

அதன் பேர்

இரண்டு நாள் கழித்து ராஜம்மா கமலாவைக் கூட்டிக்கொண்டு மேம் வீட்டுச் சமையற்கட்டுப் பக்கம் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வசவை வாங்கிக்கொள்ளத் தயாராகவே இருந்தேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லுங்கக்கா. இவ கேக்குற கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. இவங்கப்பாவக் கேட்டா, விழுந்த குதிரைய அவரு பாக்கவே இல்லயாம். ஜெயிச்ச குதிரைய மட்டுந்தான் பாத்தாராம்."

கமலாவின் கேள்வி இதுதான்: "மாமா கால் ஒடஞ்சப்ப கட்டுப் போட்டாங்கல்ல? குதிரைக்கு ஏன் போடல?" எத்தனையோ பந்தயம் பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அதை யாரிடமும் கேட்டதில்லை. அன்று மாலை மேமிடம் சொல்லிவிட்டு மூன்று பேருமாகக் குதிரைக் கொட்டடிக்குப் போனோம். முனியாண்டி காலிக் கொட்டடியைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலில் எங்களைக் கண்டு அவருக்கு எரிச்சல்தான். கமலா கேட்டதும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டுப் போட்டுப் பார்த்த குதிரைகளும் உண்டு, ஆனால் குதிரை எப்போதும் நின்றபடியே இருக்கிற மிருகம், அந்தக் கனத்தை மூன்று காலால் தாங்க முடியாமல் வலியில் சுவரில் மோதிக்கொள்ளும் என்று சொன்னார். சுட்டது சரியா என்று ராஜம்மா கேட்டார். "அத என்கிட்டக் கேக்காதீங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

கமலா, "அதோட பேரு என்ன?" என்று கேட்டாள். முனியாண்டி நிமிர்ந்தார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகம் இளகியது. "பந்தயச் சீட்டுல இங்கிலீஷ்ல ஏதோ நீளமா போட்டிருக்கும் பாப்பா, அது என் வாயில நுழையாது. நான் மாப்ளன்னுதான் கூப்புடுவேன். ஏய் மாப்ளன்னா, வாய்ல புல்லோட திரும்பிப் பாக்கும்."

மரத்தின் மேல்

கமலா அதற்குப் பிறகு பந்தயத்துக்கு வரவில்லை. காலையில் குதிரைகளை நடத்திக்கொண்டு போகும்போது அம்மாவோடு ரோட்டோரம் வந்து நிற்பாள் என்று முனியாண்டி சொன்னார். நடேசன் சில மாதம் கழித்துத் தனியாக வந்தார். வந்தாலும் வெயில் தாழ்வதற்கு முன்னால் கிளம்பிவிடுவார்.

கமிட்டியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. மேமின் கணவர், குழந்தைகள் இதையெல்லாம் பார்க்கவே கூடாது, கொட்டகையை மூடிவிடவேண்டும் என்றார். சின்ன வயதிலேயே பார்த்தால்தான் மனம் உறுதிப்படும் என்றார் இன்னொரு துரை. மேம் என்னைக் கேட்டார். "கமலாவுக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை, அதுவும் உண்மை. அந்தக் குதிரைக்காக முனியாண்டியைத் தேடிப் போனது அவள் ஒருத்திதான், அதுவும் உண்மை. இரண்டையும் எப்படிக் கூட்டிக் கழிப்பதென்று எனக்குத் தெரியவில்லை, மேம்" என்றேன். கடைசியில் கொட்டகையை மூடிவிட்டார்கள். குழந்தைகளுக்கு அனுமதி இல்லை என்று கேட்டில் பலகையும் மாட்டினார்கள்.

அடுத்த பந்தயத்துக்கு வழக்கம்போலக் கூட்டம் வந்தது. பிள்ளைகளும் வந்தார்கள். பலகையைப் படித்துவிட்டு யாரும் வீட்டுக்குத் திரும்பவில்லை. பெரியவர்கள் உள்ளே போனார்கள், பிள்ளைகள் வெளியே நின்றார்கள். மோட்டார்க் கூரை மேலே சில பேர், கச்சான் பூத்தே என்கிற வறுத்த கடலை விற்கிறவரைச் சுற்றிச் சில பேர், மிச்சம் எல்லாம் வேலிக்கு வெளியே இருந்த மழைமரத்தின் மேல். பாக் ஹசான் நாள் முழுவதும் மரத்தடியில் கையை விரித்துக்கொண்டு நின்றார், மரத்தின் இந்தப் பக்கம் நான் நின்றேன். சாயங்காலம் மேம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மறு பந்தயத்துக்குக் கொட்டகையைத் திரும்பத் திறந்து, வளைவுப் பக்கத்தை மட்டும் ஓலையால் அடைத்துக் கொடுத்தார்கள். சாவியை என்னிடம் கொடுத்த அன்று பாக் ஹசான் பெருமூச்சு விட்டார்: "அலமாக், மேரி! ஓடுற பிள்ளையப் பிடிக்கலாம், மேலேருந்து விழுற பிள்ளைய எப்படிப் பிடிக்கிறது?"

பந்தயத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்று இத்தனை வருஷத்தில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை, ஆனால் ஒருவர்கூட டிக்கெட் வாங்கி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வருவதற்கு முன்னால் கேட்டதில்லை.