'விருப்பமில்லை' என்ற பொத்தான்

பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளியில் காலை இறைவணக்கத்தின்போது மயங்கி விழுந்தாள். மருத்துவமனையில் டாக்டர் அவள் மணிக்கட்டை இரண்டு விரல்களுக்குள் அடக்கிப் பார்த்துவிட்டு, "வீட்ல யாரும் கவனிக்கலையா?" என்றார். டிபன் பாக்ஸ் காலியாகத்தான் திரும்பி வந்தது என்றாள் என் மனைவி. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மகளின் போனில் அவள் எப்போதும் பார்க்கும் வீடியோ ஆப்பைத் திறந்து பார்த்தேன். பட்டினி கிடப்பதைப் பெருமையாகச் சொல்லும் பெண்கள், விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தார்கள்.

"இதெல்லாம் நீயா தேடினியாம்மா?"

"ஒரே ஒரு தடவை, தொப்பை குறையன்னு தேடினேன்ப்பா. அப்புறம் அதுவா வந்துகினே இருந்துச்சு."

ஒவ்வொரு வீடியோவிலும் 'விருப்பமில்லை' என்றொரு பொத்தான் இருந்தது. போன உயிர் திரும்பியது போலிருந்தது எனக்கு. நான் வேலை பார்ப்பது சுரங்கத்தில், நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டில். பெல்ட் நெடுக ஒரு கயிறு போகும். ஆபத்தைக் கண்டால் கான்ட்ராக்ட் ஆள்கூட அதை இழுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். பெல்ட் நின்றுவிடும். இழுத்த இடத்துக்கு ஒருவர் நடந்துபோய்ப் பார்த்த பிறகுதான் மறுபடி ஓடும். அந்தப் பழக்கத்தில், அவள் கட்டிலில் உட்கார்ந்து, வந்த வீடியோவிலெல்லாம் அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

அவள் சிரித்தாள். "உங்க மைன்ஸ் பெல்ட்டுன்னு நெனச்சீங்களா? நானும் எவ்ளோ அழுத்தியிருக்கேன். ரெண்டு நாள் நாய்க்குட்டி காட்டும். அப்புறம் பழையபடிதான்."

இன்றுவரை என்னை உலுக்குவது அந்தப் பேச்சுதான். என் பெண் கயிற்றை இழுத்திருக்கிறாள். யாரும் வந்து பார்க்கவில்லை.

ஆப் கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். விதிமீறல் எதுவும் இல்லை என்று பதில் வந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒரு வீடியோவும் விதியை மீறவில்லைதான். அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி ஒரு சிறுமியின் கையில் திணித்ததற்கு யார் பொறுப்பு? அதைக் கேட்க ஒரு சட்டம் வேண்டாமா? வேண்டாம் என்று சொன்ன பிள்ளைக்கு அதையே மறுபடி காட்டுவதற்கு முன், ஒரு மனிதராவது எட்டிப் பார்க்க வேண்டாமா?

வீட்டுக்கு வந்ததும் அந்த ஆப்பை எடுத்துவிட்டேன். ஆனால் வேதியியல் பாடங்கள் அதில்தான் வருகின்றன. பரீட்சைக்காக நேற்று மறுபடி போட்டுக் கொடுத்தேன். அவள் இட்லியைப் பிட்டு வாயில் வைத்தபடி பாடம் பார்த்தாள். பாடம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடியது: எடை கூடாமல் உடம்பு தேறுவது எப்படி.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தட்டையும் தள்ளி வைத்தாள்.