மருமகளுக்குத் தடுத்த திருவிருந்து

எங்கள் சபையில் இருபது வருஷம் மாதர் சங்கத் தலைவியாக இருந்தவள் நான். என் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை பார்த்த என் மகன், பெண்டாட்டியை விட்டுவிட்டு சூலூர்பேட்டையில் வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினான். அது எனக்குத் தெரியும். வெளியே சொன்னால் என் கௌரவம் என்னாவது? மூன்று வருஷம் காத்திருந்த மருமகள் கோர்ட்டில் விவாகரத்து வாங்கினாள்.

விவாகரத்தானவளுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய, ஆராதனை முடிந்ததும் சபையைக் கூட்டினார்கள். "உங்க புள்ள மேல தப்பு எதுனா உண்டாம்மா?" என்று எங்கள் போதகர் ஐயர் கேட்டார்.

"எம்புள்ள தங்கம் ஐயரே. தாலிய அத்துக்கினு வந்தவளுக்கு இன்னாத்துக்குத் திருவிருந்து?" என்றேன்.

மருமகள் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவளுக்குத் திருவிருந்தை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த மாதம் பீடத்தின் முன் முழங்காலிட்டு அப்பத்தை வாங்கினேன். மூட்டு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து அவள்தான் ஓடி வந்தாள்.

"என் கைய புடிச்சிக்கினு மெதுவா எழுந்திருங்க அத்தே."

என்னை உட்கார வைத்துவிட்டு, பீடத்தின் பக்கம் திரும்பாமல் தன் இடத்துக்குப் போய்விட்டாள். வாயிலிருந்த அப்பம் எனக்கு இறங்கவில்லை.

அன்றைக்கே ஐயரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் அவளைத் திருவிருந்துக்குக் கூப்பிடப் போனார். "எல்லார் முன்னாலயும் தான அத்தை பேசனாங்க? இதையும் அங்கயே சொல்லட்டும். அப்பால வரேன்" என்றாளாம்.

நியாயம்தான். ஒவ்வொரு ஞாயிறும் சபை முன்னால் சொல்லிவிடத்தான் கோயிலுக்குப் போகிறேன். "வாங்கம்மா" என்று முன் பெஞ்சில் இடம் விடுகிறார்கள். உட்கார்ந்துவிடுகிறேன்.