மூன்று மணி என்றிருந்த பனர்

தெருவில் கட்டும் அறிவிப்புப் பனர்களை வடிவமைக்க நான் பயன்படுத்தும் வரைகலை மென்பொருளுக்கு ஒரு யோசனைப் பக்கம் இருக்கிறது. என்ன மாற்றம் வேண்டும் என்று பயனர்கள் எழுதலாம், பிடித்தால் மற்றவர்கள் வாக்களிக்கலாம். என்னுடைய உடைந்த ஆங்கிலத்தில் நான் அங்கே எழுதி எழுதிக் களைத்துவிட்டேன். இதுவரை கிடைத்தது ஒரேயொரு வாக்கு, அதுவும் நானே போட்டது. போன கிழமைதான் முதன்முறையாக ஒருவர் பதில் எழுதியிருந்தார். யோசனை நல்லதுதான், ஆனால் ஒரே திருத்தத்தைப் பல கோப்புகளில் அவசரமாகச் செய்யும் தேவை யாருக்கு வரும், ஓர் உதாரணம் தரமுடியுமா என்று கேட்டிருந்தார். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐயா, யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீட்டுக்கு வந்து பாருங்கள். இங்கே ஒருவர் இறந்தால் ஒரு கண்ணீர் அஞ்சலிப் பனரோடு முடியாது. குடும்பம் ஒன்று அச்சடிக்கும். சனசமூக நிலையம் ஒன்று, பழைய மாணவர்கள் ஒன்று, விளையாட்டுக் கழகம் ஒன்று, கனடாவில் இருக்கும் பெறாமக்கள், அதாவது கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள், தங்கள் பங்குக்கு ஒன்று. எல்லாவற்றிலும் படம் ஒன்றுதான், பிரேதம் எடுக்கும் நேரமும் ஒன்றுதான். கீழே துயரப்படுகிறவர்களின் பெயர்தான் வேறு. ஆனால் எனக்கு ஒவ்வொன்றும் வேறு அளவு, வேறு கோப்பு. அச்சுக்குப் போகுமுன் எழுத்தையெல்லாம் 'கேர்வ்' ஆக்கவேண்டும், அதாவது வெறும் கோடாக மாற்றவேண்டும். இல்லாவிட்டால் எங்கள் எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் சின்னாபின்னமாகிவிடும். கோடாக்கிய பிறகு அது எழுத்தில்லை, படம். அதில் நேரத்தைத் திருத்த முடியாது. பழைய கோப்பைத் தேடித் திறந்து, திருத்தி, மறுபடி கோடாக்கி, மறுபடி அனுப்பவேண்டும். ஒவ்வொன்றுக்கும் இதே கூத்து.

நான் ஒன்றும் வானத்தைக் கேட்கவில்லை. நேரத்தை ஒரு இடத்தில் மாற்றினால் அந்தச் செத்தவீட்டின் எல்லாக் கோப்பிலும் மாறவேண்டும். கோடாக்கினாலும் எழுத்து உள்ளே உயிரோடு கிடக்கவேண்டும். பழைய கோப்பை யாராவது அச்சுக்குத் திறந்தால், இதற்குப் பிறகு ஒரு திருத்தம் வந்திருக்கிறது என்று அது கத்தவேண்டும். கத்தியிருந்தால் எனக்கு இந்தக் கதை இருந்திருக்காது.

கொழும்புத்துறையில் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர், ஊருக்கெல்லாம் ரீச்சர், இறந்துபோனார். மகன் கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்ததால் அடுத்த நாள் பிற்பகல் மூன்று மணிக்குப் பிரேதம் எடுப்பதென்று முடிவாகி, அப்படியே எல்லாப் பனரையும் வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். மாலையில் ரீச்சரின் மருமகன் தொலைபேசி எடுத்தார். "தங்கச்சி, மச்சானுக்கு இடையிலை மாறுற பிளேன் தவறிப்போச்சு. இனி ஆருக்காக வைச்சிருக்கிறது? காலமை பதினொரு மணிக்கு எடுக்கிறம். எல்லாத்திலையும் மாத்திவிடுங்கோ" என்றார். நான் சாப்பாட்டையும் மறந்து ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றினேன், புதியவற்றை அனுப்பினேன், பழையவற்றை அடிக்கவேண்டாம் என்று அச்சகத்துக்குச் சொல்லியும் வைத்தேன். அவர்களிடம் இப்போது பழையதும் இருந்தது, புதியதும் இருந்தது. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில், சந்தியில் கட்டியிருந்த பனரைப் பார்த்தேன். பெரிதாக ரீச்சரின் முகம். கீழே, பிற்பகல் மூன்று மணி.

ஸ்கூட்டியை அப்படியே நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர்க் கடையில் கத்தியை இரவல் வாங்கி, கட்டியிருந்த கயிறுகளை அறுத்தேன். கடைக்காரர், இதை அறுத்து இனி என்ன செய்ய, பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள் என்றார். விடியற்காலையில் வயதான அம்மா ஒருவர் வந்து பனருக்கு முன்னால் நின்று அழுதாராம். போர்க்கால இடப்பெயர்வு நேரம் ரீச்சரும் தானும் ஒரே ஓலைக் கொட்டிலில் இருந்ததாகவும், ரீச்சர் இல்லாவிட்டால் தன் பிள்ளைகள் பசியிலேயே செத்திருக்கும் என்றும் சொன்னாராம். வீட்டுக்குப் போய்க் குளித்துத் தோய்ந்துவிட்டு மத்தியானத்துக்குப் பிறகு வருவதாகச் சொல்லி, அரியாலைப் பக்கமாக நடந்து போனாராம். பெயர் கடைக்காரருக்குத் தெரியாது.

அரியாலையில் நான் நுழையாத ஒழுங்கை இல்லை. வேலிகளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, ரீச்சரோடு ஒரு கொட்டிலில் இருந்த அம்மாவைத் தெரியுமா என்று கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் செத்தவீட்டுக்கு ஓடினேன். பறை கேட்டுக்கொண்டிருந்தது, கிரியை முடியும் தறுவாய். மருமகனை ஒரு பக்கமாக அழைத்து, கொஞ்சம் பொறுக்க முடியாதா என்று கெஞ்சினேன். யாருக்காக என்று கேட்டார். பெயர் தெரியாத ஒருவருக்காக ஒரு பிரேதத்தை நிறுத்திவைக்கக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஐயர் வைத்த நேரம், தன் கையில் இல்லை என்றார். பதினொரு மணிக்கு எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் வாசல் படலையைத் தாண்டிவிட்டால் ஒரு பெண்ணுக்கு அந்த முகம் அவ்வளவுதான்.

நான் வேலைக்குப் போகவில்லை. சந்தியில் வெயிலுக்குள் நின்றேன். இரண்டு மணிபோல அவர் வந்தார். வெள்ளைச் சேலை, கையில் ஒரு பையில் பூ. ரீச்சர் வீட்டுக்கா என்று கேட்டேன். ஓம் என்றார்.

"எடுத்திட்டினம் அம்மா. பதினொரு மணிக்கே எடுத்திட்டினம்."

அவர் பனர் கட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். கம்பங்கள் வெறுமையாக நின்றன. பிறகு, "அப்ப நான்தான் பிழையாப் பாத்திட்டன். கண்ணும் இப்ப சரியாத் தெரியிறேல்லை, பிள்ளை" என்றார்.

என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஸ்கூட்டியில் சுருட்டி வைத்திருந்த பனரை எடுத்து, கடையின் வாங்குப் பலகையில் விரித்தேன். "நீங்கள் சரியாத்தான் பாத்தனீங்கள். நான் செய்த பனர் அம்மா, பிறகு நேரம் மாறினது. பிழை இதிலைதான்" என்று நேரத்தைக் காட்டினேன். அவர் நேரத்தைப் பார்க்கவே இல்லை. சேலைத் தலைப்பால் ரீச்சரின் முகத்தில் இருந்த புழுதியைத் துடைத்தார். பையில் இருந்த பூவையெல்லாம் அந்த முகத்துக்குக் கீழே வைத்தார். அழுது முடித்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மற்ற எல்லாத்திலையும் மாத்தினனீங்களோ?"

"ஓம் அம்மா."

"அப்ப இதிலை ஏன் மாறேல்லை?"

பனரைச் சுருட்டித் தரச் சொன்னார், கொடுத்தேன். அதைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

உதாரணம் கேட்ட மனிதருக்கு இதையெல்லாம் எழுதினேன். எழுத்து அதிகம் என்று பதில் எழுதும் பெட்டி அனுப்ப மறுத்தது. கொட்டிலை வெட்டினேன், பறையை வெட்டினேன், சுடலையை வெட்டினேன். அப்போதும் கூடத்தான் இருந்தது. வெட்டி வெட்டிக் கடைசியில் அந்த அம்மாவின் கேள்வி மட்டும் மிஞ்சியது. அதை ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினேன்.

பதில் இன்னும் வரவில்லை. இன்று காலை வல்வெட்டித்துறையிலிருந்து அடுத்த செத்தவீட்டுப் படம் வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேர் வெளிநாட்டில், எடுக்கும் நேரம் நாளை பிற்பகல் இரண்டு மணி. அது மாறக்கூடாது என்று நான் கும்பிடாத தெய்வம் இல்லை.