ஊசியின் மறுபாதி

"எஸ்.பி.எம். பரீட்சை பாஸ் பண்ணிட்டா போதுமா? பொறுப்பு வேற லா. பால்மரம் வெட்டுற வீட்டுப் பிள்ளைக்கு அது வருமான்னு பார்ப்போம்."

எனக்கு வேலை கிடைத்த அன்று, மலேசியாவின் அசாம் ஜாவா பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சொன்னது இது. கேளுங்கள்... அந்த ஊசியை முறித்தவள் நான். தண்டனை அனுபவிப்பவள் பாக்கியம்.

நான் ஒரு மனநல மருத்துவமனையின் தையல் அறையில் உதவியாளர். எங்கள் வீட்டில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள். வெள்ளைச் சீருடையில் தோட்டத்து லயக் குடியிருப்புக்குப் போனால், தாதி என்று நினைத்து "மிஸ்ஸி வந்துட்டா" என்பார்கள். நான் மறுத்ததே இல்லை!

நோயாளிகள் உட்கார்ந்து தைக்கும் எங்கள் அறையில் கத்தரிக்கோல்கள் மேசையோடு சங்கிலியில் பிணைக்கப்பட்டிருக்கும். ஊசி முறிந்தால் இரண்டு துண்டுகளையும் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கதவைப் பூட்டிச் சோதனை போடுவார்கள்.

அன்று நோயாளிகள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். சொந்தத் துணி தைக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் என் சீருடையின் இடுப்புப்பட்டையைக் கழற்றி, பாக்கியம் என்ற நோயாளி தைக்கும் மிதி இயந்திரத்தில் வைத்துத் தைத்தேன். தடித்த மடிப்பில் ஊசி முறிந்தது. மேல்பாதி இயந்திரத்தில் நின்றது. முனை...? தரையெல்லாம் தடவினேன். இல்லை.

உடனே சொல்லியிருக்கலாம் அல்லவா? வேலை போய்விடும் என்று பயந்தேனா? இல்லை... கிராணி சிரிப்பாரே என்று!

பாக்கியம் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊர்க்காரி; நோய் குணமாகியிருந்தது. இரண்டு வாரத்தில் அவள் அண்ணன் வந்து வீட்டுக்கு அழைத்துப் போவதாக இருந்தது. சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவள், அவளாகவே தலைமைத் தாதியைக் கூப்பிட்டு முறிந்த ஊசியைக் காட்டினாள்.

கூந்தலை அவிழ்த்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் பண்ணல. நீ சொல்லேன், தங்கச்சி."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அப்போதுதான் அவள் கத்தினாள். நோய் திரும்பிவிட்டது என்றார் தலைமைத் தாதி. அதை அறிக்கையில் எழுதியது யார் தெரியுமா? நான்... என் நல்ல கையெழுத்தில்! அவளைப் பூட்டிய வார்டுக்கு மாற்றினார்கள். வர வேண்டாம் என்று அண்ணனுக்குக் கடிதம் போனது.

அன்று மாலை விடுதியில் பட்டையை உதறினேன். ஊசிமுனை மடிப்புக்குள் குத்தி நின்றது. அதைச் சாக்கடையில் போட்டேன்.

எட்டு மாதம் வாயே திறக்கவில்லை. போன வாரம்தான் தலைமைத் தாதியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். என்மீது விசாரணை வரும். பாக்கியத்தை அனுப்பலாம், ஆனால் வீட்டார் வந்து கூட்டிப்போக வேண்டும் என்றார்.

நேற்று பஸ் ஏறி பாக்கியத்தின் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் முழுவதும் கேட்டார்.

"அவ படுத்த இடத்துல இப்ப என் மருமக படுக்குதும்மா. இத்தனை மாசம் கழிச்சு வந்து சொல்றியே" என்றார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

இன்று காலை பூட்டிய வார்டுக்குப் போனேன். சன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பாக்கியத்திடம் சொன்னேன். நான் முறித்தது, மறைத்தது, அண்ணனைப் பார்த்தது... எதையும் விடவில்லை.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அண்ணன் எப்ப வராராம்?"