எல்லோர் கண்ணிலும் படும் இடம்

ஐம்பதுகளின் கடைசியில் கண்டாவளைப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் நான் கிளாக்கராக இருந்தேன். ஆங்கிலம் தெரிந்த திமிர், சட்டைப் பையில் செருகிய பேனையைவிட முன்னே துருத்திக்கொண்டு நின்ற காலம் அது.

கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. காணி இலக்கப் பலகையை ஒவ்வொருவரும் ‘கொன்ஸ்பிக்குவஸ்’ ஆன இடத்தில் மாட்ட வேண்டும். தவறினால் காணி அனுமதிப் பத்திரமான பெர்மிற் ரத்தாகலாம். எல்லோர் கண்ணிலும் படும் இடம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். விட்டேனா? கூட்டம் கூட்டினேன். அந்த வார்த்தை ‘நன்றாகப் பார்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, இன்ஸ்பெக்டரும் அதே வேரில் முளைத்தவர்தான் என்று அரை மணி நேரம் வெளுத்து வாங்கினேன். விதைப்பு வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். வீட்டுக்கு வருகிறவரின் கண் முதலில் விழுகிற இடம் என்று பெருமையாக முடித்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு விதவை அம்மா அதை அப்படியே செய்தார். வாசலுக்கு நேரே, சாமிப் படங்களின் நடுவே பலகையை மாட்டி, செவ்வரத்தம்பூவும் வைத்தார். நான் போய்ப் பார்த்து, தேத்தண்ணீர் குடித்து, பாராட்டிவிட்டும் வந்தேன். றோட்டுப் பக்கம் ஆளுயரக் கிடுகு வேலி. வீட்டில் இருப்பது வழியில் போகிறவனுக்குத் தெரியக்கூடாது என்றுதானே வேலி அடைக்கிறோம். நானும் யாழ்ப்பாணத்து ஆள்தான், றோட்டிலிருந்து பலகை தெரியாது என்பது எனக்கும் உறைக்கவில்லை.

காணி அதிகாரி ஜீப்பில் வந்தார், இறங்காமலே போனார். பலகை இல்லை, ஆளும் இல்லை என்று எழுதினார். பெர்மிற்றை ஏன் ரத்துச் செய்யக்கூடாது என்று அம்மாவுக்குக் கடிதம் போனது. அவருக்கு வேறு காணியுமில்லை, பிள்ளைகளுமில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

விசாரணையன்று, தமிழ் தெரியாத அந்த அதிகாரிக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். அம்மா நிமிர்ந்து நின்று சொன்னார்:

“பலகை வீட்டுக்குள்ளை கிடக்கு, ஐயா. மூண்டு ஏக்கர் நெல்லு வெளியிலை கதிர் தள்ளி நிக்குது. ஆளில்லாத காணியிலை அதை ஆர் விதைச்சதெண்டு நினைச்சனீங்கள்?”

“ஷீ இஸ் வெரி சொறி, சேர்” என்றேன்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. பலகையை வேலிக்கு மாற்றச் சொல்லிக் கோப்பை மூடினார். பெர்மிற் தப்பியது.

வெளியே வந்ததும், என் கெட்டித்தனத்துக்கு அம்மா ஒரு நன்றி சொல்வார் என்று காத்து நின்றேன். அவர் கடிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகினார்.

“சொறி எண்டால் என்னெண்டு எனக்கும் தெரியும், தம்பி. அதை உங்கடை பேரிலையெல்லோ சொல்லியிருக்க வேணும்.”